ஜீப் ஹீட் ஆனால் ரேடியேட்டர் மேல் பழி போடாதீர்கள்

பழைய ஜீப்பில் வேறு இன்ஜின் ஏற்றி, பெரிய டயர் மாட்டி, முன்பக்கம் பம்பரும் லைட்டுமாக ஜோடித்து முடித்ததும் வடசென்னைப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "ஹீட் அடிக்குதுண்ணா." அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டையில் பெரிய ரேடியேட்டர் தேடிக்கொண்டிருப்பார்கள். காசு போகும், ஹீட் போகாது.

வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்று பார்க்காததுதான் முதல் தவறு. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் மீட்டர் முள் ஏறி, ரோடு கிடைத்து ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? காற்று போதவில்லை என்று அர்த்தம். ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, மீஞ்சூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி எண்பதில் பிடித்ததும் ஏறுகிறதா? அப்போது சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல்: ரேடியேட்டருக்குள் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், இல்லையென்றால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிக்கொள்ளும். ஆளை விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சில ஹோஸ்களுக்குள் ஸ்பிரிங் இருப்பது இதற்காகத்தான். துரு பிடித்துவிட்டது என்று அதை உருவி எறிந்தவர்களும் உண்டு.

மாடிஃபை வண்டியில் காற்று விஷயம்தான் அதிகம் சொதப்பும். இன்ஜின் மாறியதும் ஃபேன் பின்னால் தள்ளிப் போகிறது. பழைய ஷ்ரவுட் (ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே காற்றை வழிநடத்தும் கூடு) பொருந்தாது, கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தில்தான் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நாலு மூலையும் சும்மா கிடக்கும். இன்ஜின் அறையின் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கவும் செய்யும். நல்ல டிங்கரிடம் தகடு வளைத்து ஷ்ரவுட் செய்யச் சொல்லுங்கள்; ஃபேன் இறக்கையில் ஏறக்குறைய பாதி உள்ளே, பாதி வெளியே நிற்க வேண்டும். புது ரேடியேட்டரை விட மலிவு, பலனும் அதிகம்.

எலெக்ட்ரிக் ஃபேன் போட்டவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. வண்டியை நிறுத்தி, ஃபேனை ஓடவிட்டு, கிரில் முன்னால் தினசரித் தாள் ஒன்றைக் காட்டுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. லேசாகத்தான் ஒட்டுகிறது என்றால் வயர் மெலிசு. இந்த ஃபேன்கள் 15, 20 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். ரிலே (அதிகக் கரண்டைத் தாங்கும் இடைச் சுவிட்ச்) இல்லாமல் சாவி சுவிட்சிலிருந்து நேராக எடுத்தால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், சுவிட்சும் உருகும்.

ரேடியேட்டரை மறைக்கும் பம்பர், லைட் வரிசை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்பக்க கிராஷ் கார்டு (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி) சட்டவிரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்குவதும் வீண். வேகத்தில் கண்ணாடி அடியில் காற்றழுத்தம் அதிகம். வெளியே போக வேண்டிய சூடு போகாமல், அந்த வழியாகக் காற்று உள்ளேதான் வரும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா ஜில்லுனு ஓடும்" என்பது ஷெட்டுக்கு ஷெட் கேட்கும் வைத்தியம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், ஹீட் கூடும். மற்றவற்றில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த கதை. அந்த உப்பு ரேடியேட்டர் குழாயில் படிந்தால் சூடு வெளியேறாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி போதும். தண்ணீரே கலக்காமல் கூலண்ட் மட்டும் ஊற்றினாலும் சூட்டை எடுத்துச் செல்லும் திறன் குறையும்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். 13 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் இந்தக் கலவை 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் போன மூடி என்றால் 107, 108-லேயே பொங்கிவிடும்.

சில சமயம் இன்ஜின் ஹீட்டே ஆகியிருக்காது. ஒரு இன்ஜினின் சென்சார், இன்னொரு வண்டியின் மீட்டர் என்று கலந்து மாட்டினால் முள் இஷ்டத்துக்குக் காட்டும். ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளினால் எர்த் சரியில்லை. சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவியை தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மேல் காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் குறைகிறதா? காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.