பித்தளைத் தாழ்ப்பாளில் பழைய பெயிண்ட்

எங்கள் தேக்குக் கதவின் கீலும் தாழ்ப்பாளும் பித்தளை என்பதே வீட்டில் பலருக்குத் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் கதவோடு சேர்த்து அவற்றுக்கும் எனாமல் பூசியாயிற்று!

முதல் தலைவலி ஸ்க்ரூ. அதன் வெட்டுக்குள் முழுக்கப் பெயிண்ட். பிளேடு முனையால் அதைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பிடி விட்டது.

கழற்றியதை ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, சலவை சோடா கலந்து, முற்றத்து அடுப்பில் சிறு தீயில் வைத்தேன். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அரித்துவிடும். பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பியது. இடுக்கில் இருந்ததை மூங்கில் குச்சியால் தள்ளினேன். கம்பி பிரஷ் பித்தளையில் கீறல் போடும். அப்புறம் புளி போட்டுத் தேய்த்தால் சரி. அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது.

மரத்தில் சோடா படக்கூடாது, தேக்கு கறுத்துவிடும். மரத்துக்குப் பெயிண்ட் ரிமூவரும் ஸ்கிரேப்பரும்தான், ஜன்னலைத் திறந்து வைத்து. உப்புத்தாளை ஈரம் செய்தே தேய்த்தேன். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் இருக்கக்கூடிய பழைய பூச்சின் தூசியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிட முடியுமா?