குளிர்காலையில் கிளம்பாத கார்
தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் இரவெல்லாம் வெளியே நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஒலியோடு அடங்கிவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கும் அல்லது அதன் முனைகளில் இணைப்பு சரியாக இராது. முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என் அனுபவத்தில் பல முறை குற்றவாளி, முனையில் பூத்திருக்கும் வெளிர்பச்சைப் பொடிதான். சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் கம்பியையும் பிறகு பாசிட்டிவ் கம்பியையும் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தபின், பாசிட்டிவ் கம்பியை முதலில் மாட்டி இறுக்குங்கள். விளக்கு மங்காமலேயே மோட்டார் சுற்ற மறுத்தால் மெக்கானிக்கை அழைக்கலாம்.