சேகோ மில் சென்சார் ஒயரில் நாய்ஸ் குறைப்பது எப்படி? ஷீல்டும் எர்த்தும், படிப்படியாக

சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் சீக்கிரமே சந்திக்கும் கோளாறு இது. கிழங்கு அரைக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்ததும், வறுவல் பகுதியின் வெப்பநிலை மீட்டர் 15, 20 டிகிரி தாவும். மோட்டார் நின்றால் அடங்கிவிடும். உடனே சென்சாரை மாற்றுவார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் புதிதாக ஒரு எர்த் குழி தோண்டுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் செலவு. கோளாறு சென்சாருக்கும் பேனலுக்கும் நடுவே போகிற ஒயரில் இருக்கிறது.

கே வகை தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்த வெப்பநிலை சென்சார்) ஒரு டிகிரிக்குக் கொடுப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். அதில் ஒரு மில்லிவோல்ட் நாய்ஸ், அதாவது வெளியிலிருந்து ஏறும் வேண்டாத மின்னழுத்தம், கலந்தாலே கணக்கு 24 டிகிரி தப்பிவிடும். அந்த ஒயருக்குப் பக்கத்திலேயே 415 வோல்ட் மோட்டார் கேபிள் ஓடுகிறது. மோட்டாருக்கு வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். டிரைவ் மின்னழுத்தத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் பக்கத்து ஒயரில் ஒரு சிறு துடிப்பை ஏற்றுகிறது.

முதல் படி: நாய்ஸ் எங்கே நுழைகிறது?

ஒயரைத் தொடுமுன் மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதன் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது பேனலில் தெர்மோகப்பிள் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். மீட்டரின் இன்புட் இரண்டையும் ஒரு சின்ன செம்புத் துண்டால் இணையுங்கள். பேனலை மூடி, மின்சாரம் கொடுத்து மோட்டாரை ஓட்டுங்கள். மீட்டர் பேனலுக்குள் இருக்கும் வெப்பநிலையைக் காட்டி அசையாமல் நின்றால், நாய்ஸ் வெளி ஒயர் வழியாகத்தான் வருகிறது. அப்போதும் தாவினால் பேனலுக்குள்ளேயே தேடுங்கள்: பவர் சப்ளை, அல்லது மீட்டரை ஒட்டி நிற்கும் கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின்காந்த சுவிட்ச்). பத்து நிமிட வேலைதான், ஆனால் நாள் கணக்கில் அலைவதைத் தவிர்க்கும்.

இரண்டாம் படி: தள்ளி வையுங்கள்

செலவே இல்லாத மருந்து இது. சென்சார் ஒயரையும் மோட்டார் கேபிளையும் ஒரே டிரேயில் போடாதீர்கள். நடுவே 300 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். குறுக்கே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடுவதுதான் கெடுதல். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை இதிலேயே குறைந்துவிடும்.

மூன்றாம் படி: சரியான கேபிள்

முறுக்கிய ஜோடி ஒயரும் அதன் மேல் ஷீல்டும் (உலோகப் போர்வை) உள்ள கேபிள் வாங்குங்கள். இரண்டுக்கும் வேலை வேறு. மோட்டார் கேபிளின் காந்தப்புலம் தரும் நாய்ஸை முறுக்கு சமாளிக்கிறது. ஒவ்வொரு முறுக்கிலும் ஏறுவது அடுத்த முறுக்கில் எதிர்த் திசையில் ஏறிக் கழிந்துபோகும். மின்னழுத்தத்தால் தாவி வருவதை ஷீல்டு தடுக்கிறது. அலுமினியத் தாள் ஷீல்டு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. அதனால் ஷீல்டு இருக்கிறதே என்று முறுக்கில்லாத ஒயரை வாங்காதீர்கள். தெர்மோகப்பிளுக்கு அதே வகைக்கான காம்பென்சேட்டிங் கேபிள்தான் (தெர்மோகப்பிளுக்கு ஒத்த உலோகத்தில் செய்த கேபிள்) போட வேண்டும். சாதாரண செம்பு ஒயர் போட்டால் நாய்ஸ் இல்லாமலே அளவு தப்பும்.

நான்காம் படி: ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. "இரண்டு பக்கமும் எர்த் பண்ணினா இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் வறுவல் பகுதியின் எர்த்தும் பேனல் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. இரண்டையும் ஷீல்டு இணைத்தால் அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாக மின்னோட்டமாக ஓடும். நாய்ஸைத் தடுக்கப் போட்டதே நாய்ஸைக் கொண்டுவரும்.

சென்சார் முனையில் ஷீல்டையும் அதோடு வரும் வெற்றுக் கம்பியையும் வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். வழியில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால், ஷீல்டுக்கென்று தனி டெர்மினல் வைத்து அப்படியே தாண்டிப் போகட்டும். பாக்ஸின் உடலில் தொடக்கூடாது. பேனல் முனையில் வெற்றுக் கம்பியை எர்த் பாரில் இணைப்பதற்கு முன், அதற்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்ச்சி காட்டினால் வழியில் எங்கோ ஷீல்டு இரும்பில் உரசுகிறது. மாவுத் தண்ணீரும் ஈரமும் உள்ள இடத்தில், கேபிள் பெட்டிக்குள் நுழையும் கிளாண்ட் உள்ளே இது அடிக்கடி நடக்கும். அதைச் சரிசெய்த பிறகே இணையுங்கள். கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

தெர்மோகப்பிளின் முனையே உறையோடு பற்றவைத்த வகையாக இருந்தால், சென்சார் பக்கமே எர்த் ஆகிவிட்டது என்று அர்த்தம். புதிதாக வாங்குவதாக இருந்தால் உறையில் தொடாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளுக்கு விதி தலைகீழ். அதன் ஷீல்டை இரண்டு முனையிலும், சுற்றிலும் பிடிக்கும் கிளாம்ப் போட்டு எர்த் செய்ய வேண்டும். அங்கே நோக்கம், உயர் அதிர்வெண் மின்னோட்டம் வெளியே அலையாமல் ஷீல்டு வழியாகவே டிரைவுக்குத் திரும்புவது. ஷீல்டை வால் மாதிரி முறுக்கி ஒரு ஸ்க்ரூவில் மாட்டினால் பாதிப் பலன்தான்.

எர்த் குழி பற்றி

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் நிறைய. கோடையில் குழி காய்ந்து ஓம் அளவு ஏறும். ஆள் பாதுகாப்புக்கும் இடிக்கும் நல்ல எர்த் அவசியம், சந்தேகமில்லை. ஆனால் சென்சார் நாய்ஸுக்குக் குழியின் ஓம் அளவைவிட, மில்லில் உள்ள எல்லா எர்த்தும் தடித்த பட்டையால் ஒன்றோடொன்று இணைந்திருப்பதுதான் முக்கியம். "கருவிகளுக்குத் தனி எர்த்" என்று மற்றதோடு இணைக்காத குழி போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஏற்காடு மழையில் பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) கார்டு கருகிப்போகும், தொட்டவருக்கும் ஆபத்து.

கடைசியாக

எல்லா மோட்டாரையும் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். கான்டாக்டர் விடும் நேரத்தில் மட்டும் மீட்டர் துள்ளினால், அதன் காயிலுக்குக் குறுக்கே ஏ.சி. என்றால் ஆர்.சி. ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த துடிப்படக்கி), டி.சி. என்றால் டயோடு போடுங்கள். அப்புறமும் ஒன்றிரண்டு டிகிரி ஆடினால்தான் மீட்டரின் ஃபில்டர் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதிகம் கூட்டினால் சூடு ஏறியதை மீட்டர் தாமதமாகச் சொல்லும், சரக்கு கருகிவிடும்.

எந்த ஷீல்டு எந்த முனையில் எர்த் ஆகிறது என்று ஒரு படம் வரைந்து பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியன், விட்டுப்போன இணைப்பு என்று நினைத்து மறுமுனையையும் எர்த்தில் மாட்டிவிடுவார்.