கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? தேக்கரண்டியை எடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பதினாறு வருடம் பிள்ளை பார்த்தவள் நான். ஒரு பிள்ளைக்குத் தண்ணியாகப் போனால், அந்த வாரமே நாலு பிள்ளைக்குப் போகும். இப்போது ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு எல்லாமே மாந்தம்தான்.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பலிக்காது. போக்கை நிறுத்தும் மருந்தைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அதுவாக நிற்கும். அதுவரை, போன நீரையும் உப்பையும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புத்தூள் பாக்கெட்டைக் கரைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் வேலை.

பாக்கெட்டில் எத்தனை மில்லி போட்டிருக்கிறதோ, அத்தனை மில்லி ஆறிய வெந்நீர். நான் சறுக்கியது இங்கேதான். எட்டு மாதப் பேரனுக்கு, 250 மில்லிக்கான பாக்கெட்டை 120 மில்லி பால் புட்டியில் கொட்டிக் குலுக்கிவிட்டேன். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைப்பு! மகள் பிடுங்கிக் கொட்டினாள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்து 24 மணி நேரம் ஆனதையும் கொட்டிவிடுங்கள்.

புட்டியில் கொடுத்தால் மடமடவென்று குடித்து அப்படியே கக்கும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, கடைவாயில் ஒரு தேக்கரண்டி. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. கக்கினால் பத்து நிமிடம் சும்மா இருங்கள், அப்புறம் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி உள்ளே போகவேண்டும். கை கடுக்கும், வேறு வழியில்லை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். என் மாமியார் நிறுத்தச் சொல்வார், நானும் தலையாட்டியிருக்கிறேன். பால்மாவும் வழக்கமான அளவில்தான், தண்ணி கூட்டாமல். ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி கடைப் பானம், பழச்சாறு வேண்டாம், அதிகச் சர்க்கரை போக்கைக் கூட்டும். வசம்பும் வேண்டாம்.

உச்சிக்குழி உள்வாங்கினாலோ, கண்ணீரில்லாமல் அழுதாலோ, ஆறு மணி நேரம் பம்பர்ஸ் காய்ந்தே கிடந்தாலோ, மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, துவண்டு கிடப்பது என்று எதைக் கண்டாலோ நேரே மருத்துவமனைதான். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளையை முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பம்பர்ஸ் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நோரோ வைரஸுக்கு சானிடைசர் போதாது.

அன்று விடிகாலை நாலரைக்குப் பேரனின் பம்பர்ஸைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரத்தில் கனத்திருந்தது. சரி என்று எழுந்து போய் பால் ஊற்றாத தேநீர், ஒரு தே ஓ கலக்கிக் குடித்தேன்.