கைக்குழந்தையோடு சைக்கிள் பயணம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளில் நெடுந்தூரம் சென்று பழகிய பெற்றோர், குழந்தையோடு புறப்படும் முதல் பயணத்தைத் திட்டமிடும்போது தங்கள் பழைய கணக்கையே பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் மிதித்தவர்கள், இனி 40 போதும் என்று முடிவுசெய்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுமையோடு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்த 40 கிலோமீட்டருக்காகக் குழந்தை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வார்ப்பட்டைக்குள் கட்டுண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தூரம் பொருட்டல்ல. அசையாமல் இருக்க நேரும் பொழுதுதான் சுமை. ஆகவே, காலையில் ஒரு மணி நேரம், பிற்பகல் தூக்கத்தின்போது ஒரு மணி நேரம் என்று வண்டி ஓடும் நேரத்தை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் தூரத்தையே அன்றைய பயணமாகக் கொள்ள வேண்டும்.

சிலர் அதற்கும் முன்பே, வயதிலேயே தவறிவிடுகிறார்கள். ஓராண்டு நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்லக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் அறிவுறுத்துகிறது. தலைக்கவசத்தின் எடையையும் சாலையின் குலுக்கலையும் தாங்கும் வலு அந்த வயதில் கழுத்துக்கு வந்திருப்பதில்லை. ஓராண்டு நிறைந்த பின்னும், குழந்தை துணையின்றி நிமிர்ந்து உட்காருகிறதா, கவசம் அணிந்த தலையை நேராக வைத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, ஐயமிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மார்பிலோ முதுகிலோ கட்டும் துணிப்பையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுவது எந்த வயதிலும் கூடாது. ஓட்டுபவர் சரிந்தால், அவருடைய உடல் எடை முழுவதும் குழந்தையின் மேல்தான் விழும்.

சைக்கிளின் பின்புறம் பொருத்தும் இருக்கை, சைக்கிளோடு இணைத்துப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு குழந்தை வண்டியான டிரெய்லர் என்ற இரண்டில், பல நாள் பயணத்துக்கு டிரெய்லரே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. இருக்கையில் குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னோக்கித் தொங்கும். எடை உயரத்தில் இருப்பதால் வண்டியும் தள்ளாடும். ஓடும்போது கவனமாக இருப்பவர்கள்கூட, குழந்தை இருக்கையில் இருக்கும்போதே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பையைத் திறக்கத் திரும்புகிறார்கள். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தாலே வண்டி கவிழ்ந்துவிடும். நிற்கும் வண்டியை ஒருவர் கையால் பிடித்தே இருக்க வேண்டும். கால்களைக் கட்டும் பட்டையைத் தளர்வாக விட்டால், பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கக்கூடும்.

டிரெய்லருக்கும் உரிய பிழைகள் உண்டு. பின்னால் காலியிடம் இருக்கிறதே என்று கூடாரத்தையும் தண்ணீரையும் அங்கே அடைத்தால், பின்பாரம் கூடி, சைக்கிளோடு இணையும் முன்பகுதி மேலெழும்பி, பிடிமானம் குறையும். கனமானவற்றை அச்சுக்கு அருகில், தாழ்வாக வைக்க வேண்டும். டிரெய்லர் பெரும்பாலும் ஹேண்டில்பாரைவிட அகலமானது. திருப்பத்தை ஒட்டி வளைத்தால் உட்புறச் சக்கரம் நடைமேடை விளிம்பில் ஏறி, வண்டி கவிழும். இறக்கத்தில் பின்னிருந்து தள்ளும் எடை பிரேக்குக்குக் கட்டுப்பட அதிகத் தூரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். டயரில் காற்றை இறுக்கமாக நிரப்பினால் இழுப்பது எளிதாகும். ஆனால் ஒவ்வொரு குலுக்கலும் குழந்தையின் உடலுக்குப் போய்ச் சேரும். பின்புறம் புடைத்த தலைக்கவசமும் சாய்மானத்தில் முட்டித் தலையை முன்னே தள்ளும் என்பதால், பின்பக்கம் தட்டையானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் கண்ணுக்குத் தப்புவது வெப்பநிலை. மிதிப்பவருக்கு உடல் சூடேறி வியர்க்கும்போது, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை எதிர்காற்றில் குளிர்ந்துகொண்டிருக்கும்; நமக்கு இதமாக இருக்கும் காலையில் அதற்கு இன்னும் ஓர் அடுக்கு உடை தேவைப்படலாம். வெயிலில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஓடும்போது நம் மேல் வீசும் காற்று, மழைக்கான பிளாஸ்டிக் திரை மூடிய டிரெய்லருக்குள் நுழைவதில்லை. வெயிலோ திரையைக் கடந்து உள்ளே சென்று வெப்பமாகத் தேங்கிவிடும். மழை நின்றதும் திரையைத் திறக்க மறப்பதும், மதிய வெயிலில் நிறுத்திய டிரெய்லரில் தூங்கும் குழந்தையை எழுப்ப மனமின்றி அப்படியே விடுவதும் ஆபத்தில் முடியக்கூடியவை. கைகால்கள் சில்லென்றிருப்பதை வைத்து முடிவுசெய்யாமல், பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: அங்கே ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் உடையைக் குறைக்கவும், குளிர்ந்திருந்தால் கூட்டவும் வேண்டும். தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேளாமலே பாலோ தண்ணீரோ கொடுக்க வேண்டும்.

ஒத்திகை இல்லாமல் புறப்படுவதும் தவறு. முதலில் அரை மணி நேரம், பிறகு அரை நாள், அதன்பின் வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் ஓர் இரவு என்று பழக்கினால், குழந்தை எப்போது தூங்குகிறது, எதற்குச் சிணுங்குகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு பெரியவர்கள் இருந்தால், இழுப்பவர் முன்னே செல்ல, மற்றவர் பின்னால் வந்து குழந்தையின் தலையையும் கைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அழுகை எழுந்தால், தங்குமிடம் இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் என்று மிதித்துக்கொண்டே போகாமல், சாலையை விட்டு விலகி நிறுத்தி, பட்டை எங்கேனும் தோலைக் கிள்ளுகிறதா, அணையாடை நனைந்திருக்கிறதா, வெயில் நேராகக் கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, குழந்தையை வெளியே எடுத்துச் சிறிது நேரம் தரையில் நடக்கவோ தவழவோ விட வேண்டும்.