கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் கேஸ் சிலிண்டரைப் பொருத்தும் முறை
டயருக்குக் காற்றேற்றக் கொண்டு செல்லும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவமே. 21 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 58 பாராக இருக்கும் அதன் அழுத்தம் வெயிலில் வேகமாக ஏறும் என்பதால், முதலில் நிழலான இடத்தைத் தேட வேண்டும். ஆட்கள் அமரும் மூடிய அறைக்குள் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மணமே இல்லாமல் கசிந்து மூச்சை முட்டச் செய்யும் வாயு இது.

வால்வு மேலே இருக்கும்படி சிலிண்டரை நிமிர்த்தி, உட்புறம் ரப்பர் பட்டை வைத்த இரண்டு எஃகுக் கிளாம்புகளால், மெல்லிய தகட்டில் அல்லாமல் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுடனோ, கவிழும்போது ஆட்களைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜுடனோ இறுகப் பிணைக்கவும். படுக்கவைத்துத் திறந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து அதை உறையச் செய்துவிடும். சிலிண்டரில் துளையிடுவதோ பற்றவைப்பதோ கூடவே கூடாது.

வண்டி கவிழ்ந்தாலும் வால்வு அடிபடாதவாறு இரும்புக் காப்பு அமைத்து, மிகையழுத்தம் வெளியேறும் துளை ஆட்களை நோக்காதபடி திருப்பி வைக்கவும். ஓடும்போது வால்வு மூடியிருக்கட்டும். முதல் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.