நாயைக் குளிப்பாட்டுவதில் நேரும் தவறுகள்: சேலத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு வேறு கணக்கு

சேலத்தில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், வீட்டு நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதைக் கண்டு, அதற்கும் நம்மைப் போல் உடம்பெல்லாம் கசகசக்கும் என்று எண்ணி, வாரம் இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்கள் பலர். நாய்க்குப் பாதங்களில்தான் ஓரளவு வியர்க்கும். மற்றபடி இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கழுவிப் போக்க வேண்டிய வியர்வை அதன் முதுகில் இல்லை. அங்கே இருப்பது தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசை. சோப்பு அடிக்கடி பட்டு அந்தப் பசை போய்விட்டால் தோல் வறண்டு அரிக்கும். வாலின் அடியில் முடியை விலக்கிப் பார்த்தால் வெள்ளைப் பொடுகு தவிடுபோல் உதிரும். நாய் சொறிவதைப் பார்த்து, அழுக்குதான் காரணம் என்று மறுபடியும் குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய் போன்ற குட்டை முடி நாய்களுக்கு மாதம் ஒரு குளியல் தாராளம். சேற்றில் புரளாமல் இருந்தால் 6 வாரம்கூடத் தள்ளலாம். பொமரேனியன் போன்ற அடர்முடி நாய்க்கும் மாதம் ஒரு முறை போதும் என்றாலும், சிக்கெடுக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஏனெனில் நனைந்த சிக்கு இன்னும் இறுகிவிடும். 8 வாரம் நிறையாத குட்டியை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வெயிலுக்கு வேண்டியது நிழலும் குடிக்கத் தண்ணீரும்தான். வயிற்றையும் பாதங்களையும் சோப்பில்லாமல் நனைத்துவிடுவதில் தவறில்லை.

நாம் தேய்க்கும் சோப்பையும் ஷாம்பூவையும் நாய்க்குப் போடக் கூடாது. மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது. நாயின் தோல் அவ்வளவு அமிலமானதல்ல, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. கிருமிநாசினியைக் குளிக்கும் நீரில் கலப்பதும் தோலைப் புண்ணாக்கும். போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் நுரை வராததால் ஷாம்பூவை அள்ளி ஊற்றிவிட்டு, அரைகுறையாக அலசி விடுவதும் வழக்கமாக நடக்கிறது. கடைசி அலசலுக்காவது ஒரு வாளி மேட்டூர்த் தண்ணீரை எடுத்துவைத்து, முடியில் வழுவழுப்பு அடங்கும்வரை ஊற்ற வேண்டும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் சிக்கல் வேறு. அங்கே எத்தனை நாளைக்கு ஒரு முறை குளிப்பாட்டுகிறோம் என்பதைவிட, குளித்த நாய் அன்றே முழுக்க உலர்கிறதா என்பதே முக்கியம். எஸ்டேட் வேலை முடிந்து மாலையில் குளிப்பாட்டினால், மேல்முடி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடிமுடி இரவெல்லாம் ஈரமாகவே கிடக்கும். காலையில் பார்த்தால் கழுத்திலோ தொடையிலோ தோல் சிவந்து நீர் கசியும் புண் வந்திருக்கலாம். லேப்ரடார் போன்ற தொங்குகாது நாய்களுக்குக் காதுக்குள்ளும் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். மஞ்சு விலகி வெயில் வந்த பிறகு, முற்பகலிலேயே வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டிவிட்டு, காது மடலைத் தூக்கித் துடைத்து, முடியை எதிர்த்திசையில் விரலால் கோதி அடிவரை தொட்டுப் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக் கணக்கு தப்பினால் குடி முழுகிவிடாது. காலையும் வயிற்றையும் துடைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

காப்பித் தோட்டத்திலும் புதரிலும் சுற்றும் நாய்க்கு உண்ணி ஏறும். குளிப்பாட்டினால் உண்ணி போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. தோலில் கடித்துத் தொங்கும் உண்ணியைத் தண்ணீர் அசைக்காது. சுவர் விரிசலில் இடப்பட்ட முட்டைகளுக்கும் குளியலால் ஒன்றும் ஆகாது. பிடரியில் விடும் உண்ணி மருந்துகள் பலவும் தோலின் எண்ணெய்ப் பசை வழியாகவே உடலெங்கும் பரவுகின்றன. அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டாமல் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் பொசுக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. உண்ணியால் பரவும் காய்ச்சலில் நாய்கள் இறப்பதும் உண்டு என்பதால், உண்ணியுள்ள நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவரே வாரம் இரண்டு முறை குளிப்பாட்டச் சொல்லும் தோல் நோய்களும் உண்டு. அப்போது அவர் எழுதித்தரும் மருந்து ஷாம்பூவைப் போட்ட உடனே அலசிவிட்டு, பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. பொதுவாக அந்த நுரை 10 நிமிடமாவது தோலில் ஊற வேண்டும்.